எதிர்வீட்டு மாடியில் செல்போன் டவர் வந்துவிட்டது, என்ன செய்யலாம்?

மாடிவீட்டு மாறன் | சனி, இரவு 10:42

வணக்கம். பல வருடமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் தென்மாவட்டத்தில் ஒரு நடுத்தர நகரம். எங்கள் தெரு பதினாலு அடி அகலம் இருந்தால் அதிகம். போன மாதம் சித்தி மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டு நான்கு நாள் கழித்து வந்து பார்த்தால், எதிர்வீட்டு மூன்றாவது மாடிக்கு மேல் ஆறு இரும்புக் கம்பங்கள். அதில் ஆளுயரத்துக்கு வெள்ளைப் பெட்டிகள், தப்பு மேளம் மாதிரி வட்டமாக ஒரு சாமான். கீழே காம்பவுண்டுக்குள் ஜென்செட், அதாவது டீசல் ஜெனரேட்டர். எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரர் சென்னையில் இருக்கிறார். போன் செய்தால், "வாடகை வருது தம்பி, பர்மிஷன் எல்லாம் இருக்கு" என்று வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. பக்கத்து வீட்டு அக்கா, "கேன்சர் வருமாம், குழந்தை இருக்கிற வீடு" என்று ஒரு வாட்ஸ்அப் வீடியோவை அம்மாவிடம் காட்டிவிட்டார். அம்மா இப்போது வடகம் காயப்போடக்கூட மொட்டை மாடிக்குப் போவதில்லை. பையனின் கட்டிலைப் பின்கட்டுக்கு மாற்றியாயிற்று. அம்மா ராத்திரியெல்லாம் தலைவலி, தூக்கம் வரவில்லை என்கிறார்.

நானும் சும்மா இருக்காமல் ஆன்லைனில் 2,800 ரூபாய்க்கு அலை அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கினேன். மாடியில் வைத்தவுடன் சிவப்பு விளக்கு, கீச் கீச்சென்று சத்தம். பால்கனியிலும் அப்படியே. இதை எழுதும்போதும் மேஜையில் கத்திக்கொண்டிருக்கிறது. சொந்த வீடு, லோன் இன்னும் பதினோரு வருடம் பாக்கி. விற்றுவிட்டுப் போவதா, கேஸ் போடுவதா, விட்டுவிடுவதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பனையோலை | சனி, இரவு 11:15

மாறன், முதலில் பையனின் கட்டிலை மாற்றியது நல்ல காரியம். மற்றவர்கள் வந்து உங்களைச் சமாதானப்படுத்துவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையே 2011 மே மாதம் இந்த அலைகளைப் 'புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை' பட்டியலில் சேர்த்தது. 2012 நவம்பரில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு மைதானங்களிலிருந்து டவர்களை எடுக்கச் சொன்னது. 2017-இல் குவாலியரில் புற்றுநோய் வந்த ஒருவர் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றமே பக்கத்து மாடி டவரை நிறுத்த உத்தரவிட்டது. நெருப்பில்லாமல் புகையுமா?

டிரைவ்டெஸ்ட் பாண்டி | ஞாயிறு, காலை 7:20

மாறன் சார், பதினான்கு வருடமாக டவர் வேலை. முதல் ஆறு வருடம் காரில் லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக சிக்னல் அளந்தேன், அதுதான் பெயர்க் காரணம். கம்பெனிக்காரன் என்று நினைத்துக்கொண்டே படியுங்கள், தப்பில்லை.

சில விவரம் வேண்டும். வெள்ளைப் பெட்டியின் அடிமட்டத்துக்கும் உங்கள் பால்கனிக்கும் உயர வித்தியாசம் எவ்வளவு? பெட்டியின் முகம் உங்களைப் பார்க்கிறதா, உங்கள் தலைக்கு மேல் பார்க்கிறதா? மீட்டரில் தெரியும் எண் என்ன, முக்கியமாக அதன் பக்கத்தில் என்ன அலகு போட்டிருக்கிறது? சிவப்பு விளக்கை விட்டுவிடுங்கள். அது எந்த அளவில் எரிய வேண்டும் என்று அந்த மீட்டரைச் செய்தவன் இஷ்டத்துக்கு வைத்தது. வைஃபை பெட்டி பக்கத்தில் கொண்டுபோனாலும் எரியும், உங்கள் போனை வைத்தாலும் எரியும்.

மாடிவீட்டு மாறன் | ஞாயிறு, காலை 9:05

பாண்டி அண்ணா, வைஃபையை அணைத்துவிட்டு, போனையும் உள்ளே வைத்துவிட்டுப் பார்த்தேன். பால்கனியில் 9 முதல் 14 வரை ஆடுகிறது. அலகு ஒரு சதுர மீட்டருக்கு மில்லிவாட். ஒரு பட்டனைத் தட்டினால் மைக்ரோவாட்டுக்கு மாறி 12,000 என்று காட்டுகிறது. அந்தப் பன்னிரண்டாயிரத்தைப் பார்த்துத்தான் அம்மா உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் முதல் மாடி. பெட்டிகள் எங்களைவிட எட்டு மீட்டராவது மேலே. முகம் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் பார்க்கிறது.

டிரைவ்டெஸ்ட் பாண்டி | ஞாயிறு, மதியம் 1:48

சரி, இப்போது பேசலாம். கறிக்குழம்பு முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், நீளமாகத்தான் வரும்.

உங்கள் பன்னிரண்டாயிரமும் பன்னிரண்டும் ஒன்றுதான். பன்னிரண்டு ரூபாயைப் பைசாவில் எண்ணினால் ஆயிரத்து இருநூறு என்று வருமே, அதே கதை. இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட வரம்பு 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 450 மில்லிவாட், 1800-க்கு 900 மில்லிவாட், 2100-உம் அதற்கு மேலும் 1000 மில்லிவாட், அதாவது ஒரு வாட். சர்வதேச வரம்பு இதைப்போலப் பத்து மடங்கு. நாம் 2012 செப்டம்பர் 1 முதல் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து வைத்திருக்கிறோம். உங்கள் பால்கனி மிகக் கடுமையான வரம்பிலும் முப்பதில் ஒரு பங்குதான். மலிவு மீட்டர் என்பதால் இரண்டு மடங்கு தப்பாகக் காட்டுகிறது என்றே வையுங்கள், அப்போதும் வரம்புக்குப் பக்கத்தில் வரவில்லை.

பதினான்கு அடித் தெருவுக்கு எதிரே இருந்தும் ஏன் இவ்வளவு குறைவு? விளக்கடியில் இருட்டு என்பார்களே, அதேதான். அந்த வெள்ளைப் பெட்டிதான் ஆன்டெனா. அது நாலா பக்கமும் வாரி இறைப்பதில்லை. மேலும் கீழும் ஆறேழு டிகிரி அகலத்துக்குள் தட்டையாக, தோசைக்கரண்டி நீட்டினது போல வீசும். கொஞ்சம் கீழே சாய்த்து வைப்போம், அதை டில்ட் என்போம். முப்பது மீட்டர் உயரத்தில் ஆறு டிகிரி சாய்த்தால் அந்தக் கற்றையின் நடு தரையைத் தொடுவது ஏறக்குறைய 280 மீட்டர் தள்ளி. நேர் கீழே இருப்பவனுக்கு ஓரத்தில் சிந்தினது மட்டும்தான். அதனால்தான் டவரைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு, "சிக்னல் இல்லை" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு.

ஒரு கணக்கு. ஒரு டிரான்ஸ்மிட்டர் 20 வாட், நம் வீட்டு எல்ஈடி டியூப்லைட் அளவு. ஆன்டெனா அதை ஒரே திசையில் குவிப்பதால் அந்தத் திசையில் ஆயிரம் வாட் போலத் தெரியும். கற்றைக்கு நேரே 50 மீட்டரில் நின்றால் சதுர மீட்டருக்கு 32 மில்லிவாட். நூறு மீட்டரில் 8. தூரம் இரண்டு மடங்கானால் அளவு கால் பங்கு. இதுவே கற்றைக்கு நேரே 12 மீட்டரில் நின்றால் 550 வரும், 900 மெகாஹெர்ட்ஸ் வரம்பைத் தாண்டிவிடும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தப் பெட்டிகளுக்கு நேர் எதிரே, அதே உயரத்தில் யார் குடியிருக்கிறார்கள்? அங்கே மாடி இருந்தால் அதைத்தான் அளக்க வேண்டும். தொலைத்தொடர்புத் துறை 2013-இல் மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டுதலிலும் இதுதான் விஷயம்: ஒரு ஆன்டெனாவுக்கு நேர் முன்னே அதே உயரத்தில் 20 மீட்டருக்குள் கட்டடம் இருக்கக் கூடாது, இரண்டு என்றால் 35 மீட்டர், நான்கு என்றால் 45. பக்கவாட்டிலோ கீழேயோ இருப்பவர்களைப் பற்றியது அல்ல அது.

அந்தத் தப்பு மேளம் மாதிரி வட்டம் மைக்ரோவேவ் டிரம். டவருக்கு டவர் பேசிக்கொள்வது. எல்லோரும் அதைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள், உள்ளதில் சாதுவானது அதுதான்.

பனையோலை | ஞாயிறு, மதியம் 3:30

பாண்டி சார் கணக்கு சரியாகவே இருக்கட்டும். ஆனால் அந்த வரம்பு எதை வைத்துப் போட்டது? சூட்டை வைத்து. உடம்பு சூடாகாவிட்டால் தீங்கில்லை என்பது அவர்கள் முடிவு. ஐஐடி மும்பை பேராசிரியர் கிரிஷ் குமார் 2010-லேயே தொலைத்தொடர்புத் துறைக்கு அறிக்கை கொடுத்து, வரம்பை இன்னும் பல மடங்கு குறைக்கச் சொன்னார். ரஷ்யாவில் 100 மில்லிவாட். இத்தாலியிலும் வீடுகளுக்குப் பல வருடம் அதே அளவுதான். அவர்கள் எல்லாம் முட்டாள்களா?

இத்தாலியின் ராமஸ்ஸினி ஆய்வகம் 2018-இல் வெளியிட்டது டவர் அலையை வைத்தே செய்த எலி ஆய்வு. ஆண் எலிகளுக்கு இதயத்தில் நரம்புறைக் கட்டி வந்தது. அமெரிக்க தேசிய நச்சியல் திட்டமும் அதே வருடம் அதே வகைக் கட்டியைக் கண்டது. இரண்டு நாடு, இரண்டு ஆய்வகம், ஒரே கட்டி.

செவ்வந்தி | ஞாயிறு, இரவு 9:12

நான் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்சிகிச்சைப் பிரிவில் இருக்கிறேன். பனையோலை சார் கேட்டது நியாயமான கேள்வி, வாட்ஸ்அப் வீடியோவோடு சேர்த்துத் தள்ள முடியாது.

அதற்கு முன் தமிழில் நமக்கு இருக்கும் ஒரு தொல்லை. எக்ஸ்ரேயும் கதிர்வீச்சு, கூடங்குளமும் கதிர்வீச்சு, டவரும் கதிர்வீச்சு. எங்கள் பிரிவின் கதவிலும் அதே சொல்தான். புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும்போது டி.என்.ஏ.வை உடைக்கத்தான் கொடுக்கிறோம், ஆகவே அந்தச் சொல்லைக் கேட்டு ஜனங்கள் பயப்படுவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு ஆற்றல் துணுக்கு, ஓர் அணுவிலிருந்து எலக்ட்ரானைத் தட்டிவிடத் தேவையானதைவிட இருபது முப்பது லட்சம் மடங்கு சிறியது. நம் கண்ணில் படும் வெளிச்சத்தைவிடவே பல லட்சம் மடங்கு சிறியது. எத்தனை துணுக்கு சேர்ந்தாலும் அணுவை உடைக்காது, சூடாக்கும். அதனால்தான் வரம்பைச் சூட்டை வைத்துப் போடுகிறார்கள். விலங்குகளில் நடத்தை மாறத் தொடங்கும் அளவைக் கண்டு, பொதுமக்களுக்கு அதில் ஐம்பதில் ஒரு பங்கு. இந்தியாவில் அதிலும் பத்தில் ஒரு பங்கு.

ராமஸ்ஸினி ஆய்வைப் படித்திருக்கிறேன். 2,448 எலிகள், பிறப்பதற்கு முன்பிருந்தே, நாளைக்கு 19 மணி நேரம், சாகும்வரை. மூன்று அளவு கொடுத்தார்கள்: மீட்டருக்கு 5, 25, 50 வோல்ட். கட்டி கூடியது 50 வோல்ட் கொடுத்த ஆண் எலிகளில் மட்டும். அதை நம் அலகில் மாற்றினால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 6,600 மில்லிவாட். நம்மூர் 1800 மெகாஹெர்ட்ஸ் வரம்பைப்போல ஏழு மடங்கு, மாறன் பால்கனியைப்போல ஐந்நூறு மடங்கு. அமெரிக்க ஆய்வில் அலை வாங்கிய ஆண் எலிகள், அலை வாங்காத எலிகளைவிட அதிக நாள் உயிரோடு இருந்தன. அதற்காக டவரடியில் குடியேறினால் ஆயுசு கூடும் என்று யாரும் சொல்லவில்லையே. ஒரே கட்டி இரண்டு இடத்தில் தெரிந்தது கவனிக்க வேண்டிய விஷயம் என்பதை நான் மறுக்கவில்லை. அதிலிருந்து எதிர்வீட்டு டவருக்கு வருவதற்குப் பாதை இல்லை என்கிறேன், அவ்வளவுதான்.

2011 பட்டியல் விவரத்தையும் பார்த்துவிடலாம். 2பி என்ற அந்தப் பிரிவில் சேர்த்ததற்குக் காரணம், மிக அதிகமாகப் போனைக் காதில் வைத்துப் பேசியவர்களிடம் சில ஆய்வுகளில் மூளைக்கட்டி கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. டவரைப் பொறுத்தவரை முடிவுக்கு வர ஆதாரம் போதாது என்று அதே அறிக்கையில் இருக்கிறது. அந்த 2பி பட்டியலில் அப்போது காபியும் இருந்தது. 2016-இல்தான் எடுத்தார்கள்.

பனையோலை | ஞாயிறு, இரவு 9:40

காபி கதையை எத்தனை வருடம்தான் சொல்வீர்கள் மேடம். காபி வேண்டாம் என்றால் நான் குடிக்காமல் இருக்கலாம். எதிர்வீட்டு டவரை எப்படிக் குடிக்காமல் இருப்பது?

செவ்வந்தி | ஞாயிறு, இரவு 10:02

இந்த இடத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள். ஒத்துக்கொள்கிறேன்.

மனிதர்களை வைத்துச் செய்த ஆய்வுகளுக்கு வருகிறேன். ஜெர்மனியில் நைலா என்ற சிற்றூரில் 2004-இல் டாக்டர்கள் சேர்ந்து ஒரு கணக்கு எடுத்தார்கள். டவரிலிருந்து 400 மீட்டருக்குள் இருந்தவர்களுக்குப் புற்றுநோய் அதிகம் என்றார்கள். எல்லா வாட்ஸ்அப் வீடியோவிலும் வருவது அதுதான். புற்றுநோய் வந்தவர்கள் மொத்தம் மூன்று டஜன் பேர்கூட இல்லை. யார் பீடி குடித்தார்கள் என்று கேட்கவில்லை, யார் வீட்டில் எவ்வளவு அலை என்று அளக்கவும் இல்லை. பிரிட்டனில் 2010-இல் வந்தது வேறு மாதிரி: ஐந்து வயதுக்குள் புற்றுநோய் வந்த 1,397 குழந்தைகள், நோய் வராத 5,588 குழந்தைகள். தாய் கர்ப்பமாக இருந்தபோது இருந்த வீட்டுக்கும் டவருக்கும் தூரம் எவ்வளவு, அங்கே எவ்வளவு அலை விழுந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை.

2024-இல் உலக சுகாதார நிறுவனம் கேட்டு ஆஸ்திரேலியக் குழு ஒன்று 63 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பில்லை என்பதை நடுத்தர உறுதியோடு சொன்னது. டவர், ஒலிபரப்பு நிலையம் விஷயத்தில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயோடு தொடர்பு தெரியவில்லை என்பதையும் நடுத்தர உறுதியோடு சொன்னது, ஆனால் குழந்தைகளின் மூளைக்கட்டி விஷயத்தில் உறுதி குறைவு, பெரியவர்களைப் பற்றிச் சேர்க்கத் தகுந்த ஆய்வே இல்லை என்று சேர்த்தே சொன்னது. ஆய்வுகள் குறைவு, ஒரு மனிதன் பத்து வருடத்தில் டவரிலிருந்து எவ்வளவு வாங்கினான் என்று அளப்பது கடினம். அந்தக் 'குறைவு' என்ற சொல்லை மறைத்துவிட்டுப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல்தான்.

மொட்டைமாடி ஓனர் | திங்கள், காலை 6:50

எல்லோரும் திட்டுகிற எதிர்வீட்டுக்காரன் ஜாதி நான். என் மாடியில் ஒன்பது வருடமாக டவர் இருக்கிறது, அதே வீட்டில் இரண்டாவது மாடியில் குடும்பத்தோடு குடியிருக்கிறேன். பேரப்பிள்ளைகள் லீவுக்கு வருகிறார்கள். அலையால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் ஒருவன் உடம்பு ஆதாரம் ஆகாது என்று செவ்வந்தி அம்மா சொல்வார், தெரியும்.

எனக்கு வந்த தொல்லை எல்லாம் வேறு. கம்பம் ஊன்றிய இடத்தில் தளம் கசிந்தது. ராத்திரி கரண்ட் போனால் ஜென்செட் ஓடும், புகை கீழ் வீட்டுச் சமையலறைக்குள். இரண்டு வாடகைக்காரர்கள் காலி செய்தார்கள், இரண்டு பேரும் சொன்ன காரணம் சத்தம். ஒரு ராத்திரி ஏசி மெஷினில் பேரிங் போய், விடியும்வரை மாவு மில் சத்தம். டவர் வைக்கக் கேட்டு வருகிறவர்கள் காட்டும் காகிதத்தில் இதெல்லாம் இருக்காது.

இன்னொன்று. "உங்கள் காலி மனையில் டவர், முன்பணம் முப்பது லட்சம், டிராய் சான்றிதழ் தயார், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று மெசேஜ் வந்தால் அது திருட்டுக் கூட்டம். டிராய் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அது யாருக்கும் டவர் சான்றிதழ் தருவதில்லை. என் மச்சான் பதினெட்டாயிரம் கட்டிவிட்டு வந்து நின்றான்.

வடமராட்சிக்காரன் | திங்கள், காலை 8:31

அண்ணைமார் கதைக்கிறதை வாசிக்க எங்கட ஊர் ஞாபகம் வருது. 2019-இல் யாழ்ப்பாண நகரத்துக்குள்ள ஸ்மார்ட் விளக்குக் கம்பம் நட வெளிக்கிட்டபோது, அது 5ஜி டவர் எண்டு சொல்லிச் சனம் ரோட்டில இறங்கினது. அலையை அளந்து பாத்தவையை நான் காணேல்லை. ஆனா அந்தக் கோபம் அலையால மட்டும் வந்ததில்லை. வீட்டு வாசல்ல கம்பம் நடேக்க வீட்டுக்காரரிட்டச் சொல்லேல்லை எண்டதுதான் முதல் கோபம். முப்பது வருஷம் வாசல்ல என்னென்னத்தையோ கேக்காமல் நட்டதைப் பாத்த சனம் நாங்கள். பிறகு ஆர் என்ன விளக்கம் சொன்னாலும் காதில ஏறாது.

கறிவேப்பிலை | திங்கள், காலை 10:10

சிட்டுக்குருவி எல்லாம் போனதே, அதுவும் டவரால் இல்லையா? சினிமாவிலேயே காட்டினார்களே.

டிரைவ்டெஸ்ட் பாண்டி | திங்கள், காலை 10:26

2020-இல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி எண்ணிக்கை நிலையாக இருக்கிறது என்றது. சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் குறைந்திருப்பதும் உண்மை. டவரைக் குற்றம் சொல்ல ஆதாரம் இல்லை என்றும் அதிலேயே இருக்கிறது. ஓட்டு வீடு போனது, கூடு கட்டச் சந்து இல்லை, குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி இல்லை. நான் ஏறும் டவரில் காக்கா கூடு கட்டுகிறது. கேபிளைக் கொத்தினதைத் தவிர அதற்கும் எனக்கும் பகை இல்லை. மற்றதைத் தனி இழையில் பேசுவோம்.

மாடிவீட்டு மாறன் | திங்கள், இரவு 11:55

எல்லாவற்றையும் படித்தேன். என் பயம் பாதி குறைந்தது. ஆனால் அம்மாவின் தலைவலி? நிஜமாகவே வலிக்கிறது அவருக்கு. காலையில் கண் சிவந்திருக்கிறது. நடிக்கிற ஆள் இல்லை.

செவ்வந்தி | செவ்வாய், காலை 6:15

தம்பி, வலி நிஜம். அதில் யாரும் சந்தேகப்படக் கூடாது. வலிக்குக் காரணம் அலைதானா என்பது மட்டும்தான் கேள்வி.

இங்கிலாந்தில் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2007-இல் ஒரு சோதனை. டவர் அலை பட்டாலே உடம்புக்கு முடியாமல் போகிறது என்று சொன்ன 44 பேரையும், சாதாரணமான 114 பேரையும் அறையில் உட்கார வைத்தார்கள். "இப்போது அலை போடுகிறோம்" என்று சொல்லிவிட்டுப் போட்டால், அந்த 44 பேருக்கும் உபாதை கூடியது. சொல்லாமல், சோதனை நடத்துகிறவருக்கே தெரியாமல் போட்டும் அணைத்தும் பார்த்தபோது, அலை இருக்கிறதா இல்லையா என்று ஆறு தடவையும் சரியாகச் சொன்னது 44 பேரில் 2 பேர், 114 பேரில் 5 பேர். சதவீதமாகப் பார்த்தால் இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பயத்தில் வரும் தலைவலியும் தலைவலிதான். அதற்கும் மாத்திரை வேலை செய்யும், தூக்கம் வேலை செய்யும். "உங்களுக்கு மனசுதான்" என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், உடைந்துவிடுவார். ரத்த அழுத்தம் பாருங்கள். அப்புறம் ஒரு காரியம்: எத்தனை மணிக்கு விழிக்கிறார் என்று மூன்று நாள் ஒரு காகிதத்தில் குறித்து வையுங்கள்.

மாடிவீட்டு மாறன் | வெள்ளி, இரவு 9:30

குறித்தேன். செவ்வாய் ராத்திரி 1:20, 3:40. புதன் முழுக்கத் தூங்கினார். வியாழன் 2:05. ஜென்செட் ஓடிய நேரத்தை எதிர்வீட்டு வாட்ச்மேனிடம் கேட்டேன். செவ்வாய் இரண்டு தடவை, வியாழன் ஒரு தடவை. புதன் அன்று கரண்டே போகவில்லை.

அம்மாவின் ஜன்னலுக்கு நேர் எதிரே, கீழே இருக்கிறது அந்த ஜென்செட் பெட்டி. ஒரு மாதமாக நான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

டிரைவ்டெஸ்ட் பாண்டி | வெள்ளி, இரவு 10:05

அப்படியென்றால் இரண்டு மனு எழுதுங்கள், தனித்தனியாக. ஒன்றோடொன்று கலந்தால் இரண்டும் குப்பைக்குப் போகும்.

முதலாவது சத்தம். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபலுக்கு மேல் இருக்கக் கூடாது. ஜென்செட் பெட்டி தன்னளவில் ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் காவல் நிலையத்துக்கும் எழுதுங்கள், நேரக் குறிப்பைச் சேருங்கள். உங்களுக்குக் கையில் இருக்கும் பலமான ஆயுதம் இதுதான்.

இரண்டாவது அலை. தரங் சஞ்சார் என்று தொலைத்தொடர்புத் துறையின் தளம், 2017 மே மாதம் தொடங்கியது. உங்கள் பகுதி டவர்கள் வரைபடத்தில் தெரியும், எந்தெந்தக் கம்பெனி, வரம்புக்குள் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். 4,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் கட்டினால் நீங்கள் சொல்லும் இடத்தில் வந்து அளப்பார்கள். இது இல்லாமல் துறையே ஆண்டுக்குப் பத்து சதவீதம் வரை டவர்களைத் தானாகப் போய்ச் சோதிக்கும், மீறினால் லட்சக்கணக்கில் அபராதம். அளக்க வரும்போது உங்கள் பால்கனியைக் காட்டாதீர்கள், அந்தப் பெட்டிகளுக்கு நேர் எதிரே உயரமாக இருக்கும் இடத்தைக் காட்டுங்கள்.

வீட்டுக்குள் குறைக்க வேண்டும் என்றால் போனில் தொடங்குங்கள். டவர் தூரமாக இருந்தால் போன் தன் முழு பலத்தில் கத்தும், பக்கத்தில் இருந்தால் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கே போதும். காதோடு ஒட்டி வைத்துப் பேசுவது போன்தான், டவர் இல்லை. *#07# அடித்தால் உங்கள் போனின் சார் (SAR) அளவு, அதாவது உடம்பு உறிஞ்சும் அலையின் அளவு தெரியும், கிலோவுக்கு 1.6 வாட்டுக்குள் இருக்க வேண்டும். டவரை ஊருக்கு வெளியே துரத்தினால் தலைக்குள் போகும் அலை கூடும், குறையாது.

பனையோலை | வெள்ளி, இரவு 10:31

இத்தாலி 2024-இல் தன் வரம்பை மீட்டருக்கு 6 வோல்ட்டிலிருந்து (நான் முன்பு சொன்ன 100 மில்லிவாட் அதுதான்) 15 வோல்ட்டாகத் தளர்த்தியதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பாண்டி சார் சொல்வார். 5ஜி வேண்டுமாம். அறிவியல் மாறியதா, அலைக்கற்றை ஏலம் மாறியதா என்று நான் கேட்கிறேன். குவாலியர் வழக்கிலும் அலையால்தான் புற்றுநோய் வந்தது என்று நீதிமன்றம் தீர்ப்பு எழுதவில்லை. டவரை நிறுத்தச் சொன்னது, அவ்வளவே. அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் அளக்கிற மீட்டர், அனுமதி கொடுக்கிற அதே துறையின் கையில் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

மாடிவீட்டு மாறன் | 23 நாள் கழித்து, ஞாயிறு, மாலை 5:10

தாமதத்துக்கு மன்னிக்கவும். பணம் கட்டினேன், வந்து அளந்தார்கள்.

முக்காலி, அதன் மேல் நீளமான குச்சியில் பம்பரம் போல வெள்ளை உருண்டை. எல்லோரும் போனை அணைத்துக் கீழே வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். ஒரு இடத்துக்கு ஆறு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும், சராசரி எடுக்கிறது. பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். எங்கள் பால்கனி சதுர மீட்டருக்கு 11 மில்லிவாட். என் மலிவு மீட்டர் அவ்வளவு மோசமில்லை. அம்மாவின் அறை 2.

பாண்டி அண்ணா சொன்னபடி எங்களுக்குப் பின்பக்கத் தெருவில் இருக்கும் நான்கு மாடி வீட்டுக்காரரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். டவருக்கும் அவர் மாடிக்கும் 25 மீட்டர் இருக்கும், பெட்டிகளின் முகத்துக்கு நேர் எதிரே. அவர் இதுவரை ஒரு புகாரும் சொன்னதில்லை, நல்ல சிக்னல் என்று சந்தோஷமாக இருந்தவர். அவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேடையில் 210 மில்லிவாட். எல்லா அலையையும் சேர்த்து வரம்போடு ஒப்பிட்டதில் 0.31 என்று எழுதினார்கள். ஒன்றைத் தாண்டினால்தான் மீறல். ஆக அங்கேயும் வரம்புக்குள். ஆனால் நாங்கள் ஒரு மாதம் கத்திக்கொண்டிருந்த இடத்தைப்போல இருபது மடங்கு. அவர் முகம் மாறிவிட்டது. அவர் மேலே இன்னொரு மாடி எடுக்கத் திட்டம் வைத்திருக்கிறாராம். அந்த மாடி எழுந்தால் படுக்கை நேரே கற்றைக்குள்.

சத்தத்துக்குக் கொடுத்த மனுவில் ஒருவர் வந்து அளந்துவிட்டுப் போனார். ஜென்செட் பெட்டிக்குள் புதிய பஞ்சு அடித்து, புகைக்குழாயை இரண்டாள் உயரத்துக்கு ஏற்றியிருக்கிறார்கள். அனுமதிக் காகிதத்தைக் கேட்டு உள்ளாட்சி அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்தேன். கட்டட உறுதிச் சான்று கோப்பில் இருக்கிறது என்கிறார்கள், கோப்பு இல்லை.

டிரைவ்டெஸ்ட் பாண்டி | ஞாயிறு, மாலை 6:02

பின் தெருக்காரரை இப்போதே கம்பெனிக்கு எழுதச் சொல்லுங்கள், மாடி எழுப்பப் போவதைக் குறிப்பிட்டு. அந்த செக்டாரை, அதாவது அவர் பக்கம் பார்க்கும் பெட்டிகளைத் திருப்பலாம், கம்பத்தை இரண்டு மீட்டர் உயர்த்தலாம், இரண்டும் ஒரு நாள் வேலை. கான்கிரீட் போட்ட பிறகு கேட்டால் ஆறு மாதம் இழுப்பார்கள். தொட்டி கழுவ வருகிற ஆளிடமும் சொல்லி வையுங்கள், பெட்டிக்கு முன்னால் கைநீட்டும் தூரத்தில் மட்டும் யாரும் வேலை செய்யக் கூடாது. நாங்களே ஏறும்போது அணைத்துவிட்டுத்தான் போவோம்.

செவ்வந்தி | ஞாயிறு, மாலை 6:40

அம்மா எப்படி இருக்கிறார்?

மாடிவீட்டு மாறன் | ஞாயிறு, இரவு 8:15

தூங்குகிறார் அக்கா. ஆறு நாளுக்கு நாலு நாள் நன்றாகவே தூங்குகிறார். பையன் பழைய அறைக்கு வந்துவிட்டான். அளந்த காகிதத்தைப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "பதினொன்றோ பன்னிரண்டோ இருக்கட்டும், வைக்கும் முன்னால் வந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் அவனுக்கு" என்றார். வடகம் இந்த வருடம் பின் தெருவில் பெரியம்மா வீட்டு மாடியில்தான் காய்கிறது.

பனையோலை | ஞாயிறு, இரவு 8:22

பெரியம்மா வீடு எத்தனை மாடி?

மாடிவீட்டு மாறன் | ஞாயிறு, இரவு 8:24

மூன்று. மீட்டரை எடுத்துக்கொண்டு காலையில் போகிறேன்.